எழுத்தும் புள்ளியும் புற்றுநோயும்

மூளையிலுள்ள ஒரு நரம்புக் கலமும் ஈரலிலுள்ள ஒரு கலமும் தோற்றத்திலும் தொழிலிலும் ஒன்றையொன்று சிறிதும் ஒத்தனவல்ல. முன்னது நீண்ட நார்களை நீட்டிச் செய்தியை ஏந்திச் செல்வது. பின்னது நஞ்சை முறிப்பது, பித்தத்தைச் சுரப்பது, உண்ட உணவின் சர்க்கரையைச் சேமித்து வைப்பது. எனினும் இவ்விரு கலங்களின் கருவையுந் திறந்து அங்குள்ள பரம்பரை எழுத்தைப் படித்துப் பார்ப்பவருக்கு, இரண்டிலும் இருப்பது ஒரே நூல் என்பது புலப்படும். கருத்தரித்த வேளையில் தாயிடமிருந்து ஒரு பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியுமாக வந்துசேர்ந்த அந்நூல், உடலின் ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் படியெடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. நூல் ஒன்றேயாயின் ஈரல் ஏன் சிந்திப்பதில்லை? மூளை ஏன் பித்தம் சுரப்பதில்லை?

சிறுபிள்ளை கேட்கும் வினாப்போல இது தோன்றலாம். ஆயினும் இதற்கு விடை தேடப் புகுந்தோர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்து, இறுதியிற் சென்று நின்ற இடங்களுள் ஒன்று புற்றுநோய் வைத்தியசாலையின் வாயிலாகும்.

புற்றுநோய் என்பது பரம்பரை எழுத்தில் நேரும் பிழையால் விளைவது என நெடுங்காலமாகக் கொள்ளப்பட்டு வந்தது. புகையிலுள்ள நஞ்சோ, கதிர்வீச்சோ, படியெடுக்கும்போது நேருந் தவறோ ஓரெழுத்தை மாற்றிவிடுகின்றது. அம்மாற்றத்தை விகாரம் என்பர். விகாரங்கள் சில சேர்ந்தவிடத்துக் கலம் கட்டுமீறிப் பெருகுகின்றது. இக்கொள்கை பொய்யன்று, இன்றும் அது நிலைத்தே நிற்கின்றது. ஆனால் சில கட்டிகளை ஆராய்ந்தோர் ஒரு விந்தையைக் கண்டனர். கலத்தின் பெருக்கத்தைத் தடுத்து நிறுத்தவேண்டிய பரம்பரையலகு அக்கட்டியில் முழுமையாக இருந்தது. தொடக்கமுதல் இறுதிவரை எழுத்தெண்ணிப் படித்தும் அதிற் பிழையெதுவுங் காணப்படவில்லை. ஆயினும் அது பேசவில்லை. அதன் ஆணைப்படி உண்டாகவேண்டிய புரதம் அக்கலத்தில் அணுவளவும் இல்லை. எழுத்துச் சரியாயிருக்கப் பொருள் எங்கே போயிற்று?

இதனை விளங்கிக்கொள்ளத் தமிழறிந்தார்க்கு வேற்றிடஞ் செல்லவேண்டியதில்லை. 'க' என்னும் எழுத்தின் தலைமேல் ஒரு புள்ளியை வைத்தால் அது 'க்' ஆகின்றது. எழுத்தின் வரிவடிவம் இம்மியும் மாறவில்லை. அதனுள் ஒலித்துக்கொண்டிருந்த அகரம் மட்டும் அடங்கிவிட்டது. புள்ளியை எடுத்துவிட்டால் அகரம் மீண்டும் ஒலிக்கின்றது. உயிருள்ள கலங்களும் இவ்வாறு புள்ளியிடும் ஒரு முறையைக் கையாளுகின்றன.

டி.என்.ஏ. எனச் சுருக்கமாக வழங்கும் பரம்பரைப் பொருளில் அடெனின், தைமின், குவானின், சைற்றோசின் என நான்கே எழுத்துக்கள் உள்ளன. மனித நூலின் ஒரு பிரதியில் இவை ஏறக்குறைய 300 கோடி இடங்களில் நிரல்பட நிற்கின்றன. இவற்றுள் சைற்றோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்களில் அச்சைற்றோசின்மேல் ஒரு சிறு அணுக்கூட்டம் ஒட்டிக்கொள்வதுண்டு. ஒரு காபன் அணுவும் மூன்று ஐதரசன் அணுக்களுஞ் சேர்ந்த அதற்கு மெதைல் கூட்டம் என்று பெயர். அது வந்து ஒட்டுதலை மெதைலேற்றம் என்பர். கரிச்சேர்வைகளுள் இதனினுஞ் சிறிய அணுக்கூட்டம் அரிது. இத்துணைச் சிறிய பொருள் ஒரு மனிதனின் வாழ்வையுஞ் சாவையும் நிர்ணயிக்கக்கூடும் என்று முன்னாளில் எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

உவமை எல்லாவிடத்தும் பொருந்துவதன்று என்பதையுஞ் சொல்லிவிடல் வேண்டும். தமிழில் ஒரு புள்ளி ஓரெழுத்தையே அடக்கும். இங்கோ, ஒரு பரம்பரையலகின் தொடக்கவாயிலிற் பல புள்ளிகள் நெருங்கி விழும்போது அவ்வலகு முழுவதுமே ஊமையாகிவிடுகின்றது.

புள்ளி பெற்ற சைற்றோசின் 1948ஆம் ஆண்டிலேயே கண்ணிற் பட்டுவிட்டது. நியூயோர்க்கில் ஆராய்ச்சி செய்த ரொலின் ஹொச்கிஸ் என்பார், கன்றின் தைமசுச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ.யில், அறியப்பட்ட நான்கோடும் சேராத ஒரு பொருள் சிற்றளவில் இருத்தலைக் குறித்துவைத்தார். அதன் பயன் யாதென்பது அப்பொழுது விளங்கவில்லை. 1961இல் இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி லயன் என்னும் அம்மையார் வேறொரு வழியில் வந்தார். பெண்ணினத்தின் ஒவ்வொரு கலத்திலும் எக்ஸ் எனப்படும் நிறமூர்த்தங்கள் இரண்டு உள்ளன. கரு மிக இளையதாயிருக்கும்போதே அவ்விரண்டில் ஒன்று அடக்கப்படுகின்றதென்றும், அக்கலத்தின் வழித்தோன்றல்கள் அனைத்திலும் அதுவே தொடர்ந்து அடங்கிக் கிடக்கின்றதென்றும் அவர் கூறினார். கறுப்புஞ் செம்மஞ்சளுந் திட்டுத்திட்டாகக் கலந்த பூனையை வீட்டில் வளர்ப்போர் இதனை நாள்தோறும் காண்கின்றனர். கறுப்புத் திட்டிலே தாய்வழி நிறமூர்த்தம் பேசுமாயின், செம்மஞ்சள் திட்டிலே தந்தைவழியது பேசும். அத்தகைய பூனை ஏறக்குறைய எப்பொழுதும் பெட்டையாகவே இருத்தற்குக் காரணமும் இதுவே.

அடக்கம் ஒரு கலத்தோடு முடிந்துவிடாமல் அதன் வழித்தோன்றல்களுக்குஞ் செல்கின்றது என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. எழுத்து மாறாமல், ஆனால் எழுத்தைப் போலவே மரபாக வருவது எது? 1975ஆம் ஆண்டில் இவ்வினாவுக்கு ஒரே விடை இரண்டு இடங்களிலிருந்து தனித்தனியே வந்தது. கலிபோர்ணியாவில் ஆதர் றிக்ஸ் என்பாரும், இலண்டனில் ரொபின் ஹொலிடே, ஜோன் பியூ என்னும் இருவரும், மெதைல் புள்ளியே அவ்வடக்கத்தின் கருவி என்றனர். அவர்கள் கையில் அப்பொழுது நேரான சான்று மிகச் சிறிதே இருந்தது. தருக்கத்தின் துணைகொண்டே அவர்கள் அதுவரை சென்றனர்.

அத்தருக்கம் அழகானது. டி.என்.ஏ. ஒற்றையிழையன்று; எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு இழைகள். ஓரிழையிற் சைற்றோசின் நிற்குமிடத்து எதிரிழையிற் குவானின் நிற்கும். ஆகையாற் சைற்றோசினுங் குவானினும் அடுத்தடுத்து வரும் இடத்தில் எதிரிழையிலும் அதே இரண்டெழுத்துக்கள் மறுதலையாக நிற்கின்றன. புள்ளி இரண்டு இழைகளிலும் உண்டு. கலம் பிரியும்போது இழைகள் பிரிந்து ஒவ்வொன்றும் தனக்கொரு புதிய துணையைக் கட்டிக்கொள்ளும். பழைய இழையிற் புள்ளி இருக்கும். புதிய இழையில் இராது. இந்தக் குறையைக் கண்டு, பழையதைப் பார்த்துப் புதியதன்மேற் புள்ளி வைப்பதற்கு ஒரு நொதியம் இருக்கவேண்டும் என்பது அவர்கள் கருத்து. அத்தகைய நொதியம் உண்மையிலேயே கண்டறியப்பட்டு, அதற்குரிய பரம்பரையலகை 1988இல் ரிமதி பெஸ்ரர் என்பாரும் அவரோடு சேர்ந்தோரும் பிரித்தெடுத்தனர்.

ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதிச் சென்றனர் என்பதும், படிப்பவர் இடமறிந்து ஒற்றாகவோ உயிர்மெய்யாகவோ கொள்ளவேண்டியிருந்தது என்பதும் பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தோர் பட்ட துன்பத்திலிருந்து அறியக்கிடக்கின்றன. கலத்திலுள்ள எழுத்தருக்கு அந்த உரிமை இல்லை. அங்கே புள்ளி தவறினாலும் கேடு. இல்லாத இடத்தில் விழுந்தாலும் கேடு.

மனித நூலில் இவ்வாறு புள்ளி ஏற்கக்கூடிய இடங்கள் ஏறக்குறைய 2 கோடியே 80 இலட்சம் உள்ளன. அவற்றுட் பத்தில் ஏழெட்டு இடங்களிற் புள்ளி இருப்பதே இயல்பு. ஆனால் அவ்விடங்கள் மிக நெருங்கி நிற்கும் சில பகுதிகள் உண்டு. கடலிடைத் தீவுகள்போல் ஆங்காங்கே கிடக்கும் இவை பெரும்பாலும் புள்ளியில்லாமல் இருக்கின்றன. பரம்பரையலகுகளுட் பாதிக்கு மேற்பட்டவற்றின் தொடக்கவாயில் இத்தகைய தீவொன்றிலே அமைந்துள்ளது. வாயில் வெறுமையாய் இருக்கும்வரை அவ்வழியே வாசிப்புக் கருவிகள் நுழையலாம். தீவின்மேற் புள்ளிகள் விழுந்துவிட்டாலோ, புள்ளியை இனங்கண்டு வந்து பற்றும் புரதங்கள் அங்கே கூடுகின்றன. அவற்றுள் ஒன்றை எடின்பரோவைச் சேர்ந்த ஏட்ரியன் பேர்டும் அவர்தம் குழுவினரும் 1992இற் கண்டனர். அப்புரதங்கள் துணைக்கு வேறு நொதியங்களை அழைத்துவந்து, டி.என்.ஏ. சுற்றப்பட்டுள்ள ஹிஸ்ரோன் உருளைகளை ஒன்றோடொன்று இறுகச் செய்கின்றன. புத்தகத்தை மூடிக் கயிற்றாற் கட்டியதற்கு ஒப்பானது அது.

இனிப் புற்றுநோய்க்கு வருவோர் முதலில் அல்பிரட் நட்சன் என்னும் அமெரிக்க வைத்தியரை நினைத்தல் வேண்டும். சிறு பிள்ளைகளின் விழித்திரையில் உண்டாகும் ஒருவகைப் புற்றை அவர் ஆராய்ந்தார். 48 நோயாளரின் வரலாறுகளை மட்டும் வைத்துக்கொண்டு, கணக்குப் போட்டே, 1971இல் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பெருக்கத்தைத் தடுக்கும் பரம்பரையலகின் பிரதிகள் இரண்டுங் கெட்டாலன்றிப் புற்று உண்டாகாது என்பது அம்முடிவு. மோட்டார் வண்டியில் இரண்டு தடுப்புக்கள் உண்டு. ஒன்று பழுதானால் மற்றது நிறுத்தும். பின்னாளில் இத்தகைய தடுப்புப் பரம்பரையலகுகள் பல கண்டுபிடிக்கப்பட்டன. நட்சனின் காலத்தில் 'கெடுதல்' என்றால் எழுத்துப் பிழை அல்லது எழுத்திழப்பு என்றே பொருள். கெடாமலே ஊமையாதல் என்னும் மூன்றாவது வழி ஒன்று உண்டென்பது பின்னரே தெரிந்தது.

அது நேர்வழியில் தெரியவில்லை. 1983இற் பால்ரிமோர் நகரில் அன்ட்றூ பைன்பேர்க், பேர்ட் வோகல்ஸ்டைன் என்னும் இருவர் கட்டியையும் அதன் அயலிலுள்ள நல்ல திசுவையும் ஒப்புநோக்கினர். கட்டியிலே புள்ளிகள் குறைந்து காணப்பட்டன. ஆகவே புள்ளி குறைதலே புற்றுக்கு வழி என்ற எண்ணம் முதலில் வேரூன்றியது. அவ்வெண்ணத்திலும் உண்மை உண்டு: அடங்கிக் கிடக்கவேண்டியவை விழித்தெழுகின்றன, நிறமூர்த்தங்கள் உறுதி குன்றுகின்றன. ஆனால் ஊர்முழுதும் புள்ளி குறையும் அதே கலத்தில், தடுப்புப் பரம்பரையலகுகளின் வாயில்களில் மட்டும் புள்ளி கூடுகின்றது என்பது 1989ஆம் ஆண்டளவில் தலைகாட்டியது. யேர்மனியின் எசென் நகரத்து ஆராய்ச்சியாளர், நட்சன் ஆராய்ந்த அதே விழித்திரைப் புற்றிலே, அதற்குரிய பரம்பரையலகின் வாயிலிற் புள்ளி விழுந்திருத்தலை அவ்வாண்டிற் காட்டினர். 1994இற் சிறுநீரகப் புற்றிலும், 1995இற் பி.16 எனப்படும் தடுப்புப் பரம்பரையலகைப் பொறுத்துப் பலவகைப் புற்றுக்களிலும் இதுவே காணப்பட்டது. எண்ணெய் இருக்கவேண்டிய இடத்தில் வற்றி, இராத இடத்திற் சிந்திய விளக்குப்போல ஆயிற்று நிலைமை.

இவ்வளவுங் கேட்ட ஒருவர், "புள்ளி விழுந்ததனாற் புற்று வந்ததா? புற்று வந்தபின் புள்ளி விழுந்ததா?" என்று கேட்பாராயின் அவர் நல்ல கேள்வி கேட்கின்றார். ஆராய்ச்சியாளருட் பலர் நெடுங்காலம் இதே ஐயத்தோடு இருந்தனர். அந்த ஐயம் நியாயமானதே. பாழடைந்த வீட்டிற் சிலந்திவலை இருப்பதனாற் சிலந்திதான் வீட்டைப் பாழாக்கியது என்று சொல்லிவிட முடியாது. இவ்வையத்தைத் தீர்ப்பதற்குப் பெரிதும் உதவியது பெருங்குடற் புற்று. அவ்வரலாற்றைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆபர் என்னும் பல்கலைக்கழக நகர் ஒன்றுண்டு. அங்கே அல்டிரட் வார்தின் என்னும் நோயியற் பேராசிரியரிடம் 1895இல் அவருடைய தையற்காரி தன் துயரத்தைச் சொன்னாள். அவள் குடும்பத்திற் பலர் குடலிலோ கருப்பையிலோ புற்றுவந்து இளமையில் இறந்தனர். தானும் அவ்வாறே இறப்பது உறுதி என்றாள். அவள் சொன்னபடியே கருப்பைப் புற்றினால் இறந்தாள். வார்தின் அக்குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்து 1913இல் வெளியிட்டார். அத்தகைய குடும்பங்களைப் பின்னர் ஹென்றி லிஞ்ச் என்னும் வைத்தியர் பல்லாண்டு ஆராய்ந்தமையால் அந்நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

அதன் காரணம் 1993, 1994ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. கலம் தன் நூலைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்துவதற்குப் பிழைதிருத்துவோர் சிலர் உளர். எம்.எல்.எச்.1 எனப்படும் பரம்பரையலகு ஆக்கும் புரதம் அவர்களுள் ஒருவர். அவ்வலகின் ஒரு பிரதி பிறவியிலேயே பழுதுபட்டோர் அத்தையற்காரியின் குடும்பத்தாரைப் போன்ற குடும்பங்களிற் பிறக்கின்றனர். மற்றப் பிரதியும் ஒரு கலத்திற் கெட்டுவிட்டால், அக்கலத்திலே பிழைகள் திருத்தப்படாமற் குவிகின்றன. ஒரே எழுத்தோ இரண்டெழுத்தோ திரும்பத்திரும்ப வரும் இடங்களில் இது மிகத் தெளிவாகத் தெரியும்.

பெருங்குடற் கட்டிகளுள் 100க்கு ஏறக்குறைய 15 இவ்வாறு பிழை குவிந்தவை. ஆனால் லிஞ்ச் குடும்பத்தாரிடம் உண்டாகுங் கட்டிகள் 100க்கு ஏறத்தாழ 3 மட்டுமே. எஞ்சியவை, குடும்பத்தில் எவருக்கும் அந்நோய் இல்லாத, பெரும்பாலும் முதிய நோயாளரிடம் உண்டாகின்றன. அவர்களுடைய எம்.எல்.எச்.1 பரம்பரையலகை எழுத்தெண்ணிப் பார்த்தபோது பிழையில்லை. 1997, 1998ஆம் ஆண்டுகளில் விடை கிடைத்தது: வாயிலெங்கும் புள்ளி விழுந்திருந்தது. பிழைதிருத்துபவர் இறக்கவில்லை, அவர் வாய் கட்டப்பட்டிருந்தது.

இதனோடு ஆராய்ச்சியாளர் நின்றுவிடவில்லை. அத்தகைய கட்டியிலிருந்து எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட கலங்களுக்குப் புள்ளியை நீக்கும் ஒரு மருந்தை ஊட்டினர். எம்.எல்.எச்.1 மீண்டும் பேசத் தொடங்கியது, புரதம் உண்டாயிற்று, பிழைதிருத்தமும் மீண்டது. ஒரெழுத்தையும் மாற்றாமல், புள்ளியை மட்டும் நீக்கிய அளவில், இழந்த தொழில் திரும்பிவந்தது. அந்த ஊமைநிலைக்குப் புள்ளியே காரணம் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. எனினும் கட்டியிற் காணப்படும் புள்ளிகளுள் எல்லாமே இப்படிக் குற்றவாளிகள் அல்ல. பல வெறும் உடனிகழ்ச்சிகளே. ஒரு கட்டியில் நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகளிற் புள்ளி விழுந்திருக்கக் காணலாம். அவற்றுட் பெரும்பாலானவை அத்திசுவில் முன்னரும் பேசாதிருந்தவையே. இதனை மறந்து, புள்ளி கண்ட இடமெல்லாம் காரணங் கண்டதாக எழுதப்பட்ட கட்டுரைகளுக்குக் குறைவில்லை.

இதனால் நோயாளியின் குடும்பத்தாருக்கு உண்டாகும் நன்மை பெரிது. தகப்பனுக்குப் பிழை குவிந்த பெருங்குடற் புற்று என்று வைத்தியர் சொன்னவுடன், பிள்ளைகளின் நெஞ்சில் எழுவது, "எங்களுக்கும் வருமா?" என்னும் அச்சம். பிறவிப் பழுதாயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. அவர்கள் இளமைமுதற் குடலை அடிக்கடி சோதிப்பித்தல் வேண்டும். கட்டியின் எம்.எல்.எச்.1 வாயிலிற் புள்ளி காணப்படுமாயின், மிக அருகிய சில குடும்பங்களை நீக்கி, அப்புற்று அவர் ஒருவரோடு நின்றுவிடுவது. பிள்ளைகள் ஏனையோரைப் போலவே இருக்கலாம். மருந்தாக இன்னும் பயன்படுவதற்கு முன்னரே, அறிவாகவே புள்ளி பயன் தந்துவிட்டது.

புள்ளியைக் கண்ணாற் காணல் இயலாது. அதைப் படிப்பது எங்ஙனம்? 1992இல் அவுஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த மரியன் புறோமரும் பிறரும் ஒரு நுட்பமான வழியை வெளியிட்டனர். பைசல்பைற்று என்னும் உப்பு, புள்ளியில்லாத சைற்றோசினை வேறோரெழுத்தாக மாற்றிவிடும். புள்ளியுள்ளதை அது தீண்டாது. அவ்வுப்பிட்டபின் நூலைப் படித்தால், மாறாமல் நின்ற சைற்றோசின்களே புள்ளி பெற்றவை. பின்வந்த ஆராய்ச்சிகளுட் பல இவ்வழியாலேயே பெருகின.

புள்ளிக்கு இன்னொரு தீமையும் உண்டு. புள்ளி பெற்ற சைற்றோசின், நீரின் தாக்கத்தால், காலப்போக்கில் தானாகவே தைமினாக மாறிவிடும் இயல்புடையது. அடக்கவந்த புள்ளி எழுத்தையே மாற்றிவிடுகின்றது. பி.53 என்னும் புகழ்பெற்ற தடுப்புப் பரம்பரையலகிலே, குடற் புற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் விகாரங்களுட் பல இவ்வகைப் புள்ளியிடங்களிலேயே நிகழ்ந்துள்ளன.

இனி, வேண்டாத இடத்திற் புள்ளி விழுவது எதனால்? முதுமை ஒரு காரணம். நல்ல குடலிலும் ஆண்டு ஏற ஏறச் சில வாயில்களிற் புள்ளி கூடுகின்றது. ஆறாத அழற்சி மற்றொன்று. இரைப்பையிற் குடிகொள்ளும் ஹெலிக்கோபற்றர் என்னும் கிருமி இருப்போரின் இரைப்பைச் சுவரிற் புள்ளிகள் மிகுந்திருத்தலை யப்பானியர் 2006இற் காட்டினர். கிருமியை ஒழித்தபின் அவை ஓரளவு குறைவதும் அறியப்பட்டது. புகைப்போரின் சளியிலே பி.16இன் புள்ளி, நுரையீரற் புற்று வெளிப்படுமுன்னரே காணப்படுவதுண்டு.

இலங்கை ஆடவரிடையே மிகுந்து காணப்படும் புற்று வாய்ப்புற்றாகும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்னும் நான்கையுஞ் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிவைக்கும் பழக்கம் இதற்குத் தலையாய காரணம். புகையிலையை நீக்கிவிட்டால் தீங்கில்லை என்று பலர் எண்ணுகின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, பாக்கே மனிதருக்குப் புற்றை விளைப்பது என்று 2004இல் வெளியிட்ட நூலில் எழுதிவிட்டது. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு இலங்கையில் வெற்றிலை மெல்லுவோரின் வாயில் உண்டான, இன்னும் புற்றாகாத புண்களையும் தடிப்புக்களையும் எடுத்துப் பார்த்தது. பி.14, பி.15, பி.16 என்னும் மூன்று தடுப்புப் பரம்பரையலகுகளிலும் புள்ளி மிகுதியாக விழுந்திருத்தல் அவற்றிற் காணப்பட்டது. கட்டி தோன்றுமுன்னரே வண்டியின் தடுப்புக்கள் கழன்றுவிடுகின்றன என்பது இதன் பொருள். வாயிலே வெண்மையாய்ப் படரும் தடிப்பை, நோவில்லை என்பதனாற் காட்டாமல் இருப்போர் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.

எழுத்து மாறிவிட்டால் அதனைத் திரும்ப எழுதுதல் அரிது. புள்ளியை நீக்குதல் எளிதன்றோ என்னும் ஆசை எழுவது இயல்பே. அவ்வாசையின் வரலாறு பிராக் நகரில், எவரும் எதிர்பாராத முறையில் தொடங்கியது. 1964ஆம் ஆண்டில் அலோயிஸ் பீஸ்கலா, பிரன்ரிசெக் ஷோர்ம் என்னும் செக் நாட்டு இரசாயன அறிஞர் இருவர் அசசைற்றிடின் என்னும் பொருளை ஆக்கினர். அது சைற்றோசினின் போலி. ஓரிடத்திற் காபனுக்குப் பதிலாக நைதரசன் இருப்பதே வேறுபாடு. கலங்களைக் கொல்லும் நஞ்சாகவே அது கருதப்பட்டது. தாங்கக்கூடிய உச்ச அளவில் அதனை நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தனர். புற்றுக்கலமும் மடிந்தது, நோயாளியும் தளர்ந்தார். மருந்து ஏறக்குறைய கைவிடப்பட்டது.

பின்னர் பீற்றர் ஜோன்ஸ் என்பார் அதனைச் சிற்றளவில் எலிக்கருவின் கலங்களுக்கு இட்டு வளர்த்தபோது, சில நாட்களில் அக்கண்ணாடித் தட்டில் துடிக்கும் தசைநார்கள் தோன்றின. தசையாக ஒருபோதும் ஆகாத கலங்கள் அவை. கொழுப்புக் கலங்களும் குருத்தெலும்புக் கலங்களுங்கூடத் தோன்றின. 1980இல் ஷேர்லி ரெய்லருடன் சேர்ந்து அவர் காரணத்தை வெளியிட்டார். போலியெழுத்து நூலிற் புகுந்துகொள்ளுகின்றது; புள்ளியிட வந்த நொதியம் அதன்மேல் ஒட்டிக்கொண்டு விடுபடமுடியாமல் நின்றுவிடுகின்றது. கலம் பிரியப் பிரியப் புதிய படிகள் புள்ளியின்றியே உண்டாகின்றன. கட்டியிருந்த கயிறு அவிழ, மூடியிருந்த ஏடுகள் திறந்துகொண்டன.

நஞ்சை உச்ச அளவிற் கொடுத்ததே தவறு என்பது அதன்பின் மெல்லமெல்ல உணரப்பட்டது. என்பு மச்சையிற் குருதிக் கலங்கள் செவ்வனே முதிராமற் போய், சிலரிடம் இரத்தப் புற்றாக முடியும் ஒரு நோய் முதியோரைப் பீடிக்கின்றது. அந்நோய்க்கு அசசைற்றிடினைச் சிற்றளவிற் கொடுக்க அமெரிக்க அரசு 2004இல் அனுமதியளித்தது. அதன் இனமான டெசிற்றபினுக்கு 2006இல் அனுமதி கிடைத்தது. நோய் முற்றிய 358 பேரைக் கொண்டு நிகழ்த்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான மருத்துவம் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 15 மாதமாகவும், அசசைற்றிடின் பெற்றோரின் ஆயுள் 24.5 மாதமாகவும் இருந்தன. ஒன்பதரை மாதம் என்பது கேட்போர்க்குச் சிறிதாகத் தோன்றலாம். பேரப்பிள்ளையின் திருமணத்துக்கு நாட்குறித்த வீட்டில் அது சிறிதன்று.

ஆனால் மிகைபடக் கூறுதல் ஆகாது. இம்மருந்து விரும்பிய பரம்பரையலகை மட்டும் தேர்ந்து திறப்பதன்று. நூல் முழுவதிலும் புள்ளியைக் குறைப்பது. மருந்தை நிறுத்தினாற் புள்ளிகள் திரும்பிவிடுகின்றன. குடல், மார்பகம், நுரையீரல் போன்ற உறுப்புக்களின் திண்ணிய கட்டிகளில் இது தனித்து நின்று சாதித்தது மிகச் சிறிது. அது வேலைசெய்யும் வழியும் முன்பு எண்ணியதுபோல் ஒன்றேயன்று. மனித நூலிற் பண்டைக்காலத்திற் புகுந்து, புள்ளியிட்டு அடக்கப்பட்டுக் கிடக்கும் வைரசுகளின் எச்சங்களை இம்மருந்து எழுப்பிவிடுகின்றதென்றும், கலம் வைரசு புகுந்ததாக மயங்கி உடலின் காவற்படையை அழைக்கின்றதென்றும் 2015இல் இரண்டு குழுவினர் காட்டினர். தடுப்புக்களைத் திறக்கக் கொடுத்த மருந்து, பழம்பகைவரை எழுப்பி வெற்றிபெறுகின்றது போலும்!

புள்ளி எப்பொழுதும் நோயாளிக்குப் பகையன்று என்பதற்கு மூளையில் உண்டாகும் கிளயோபிளாஸ்தோமா என்னும் கொடிய கட்டி சான்றாகும். அதற்குக் கொடுக்கும் ரெமொசொலமைட் என்னும் மருந்து, புற்றுக்கலத்தின் டி.என்.ஏ.யைப் புண்படுத்திக் கொல்லுவது. எம்.ஜி.எம்.ரி. என்னும் பரம்பரையலகு ஆக்கும் புரதமோ அப்புண்ணை ஆற்றிவிடுவது. நல்ல கலத்தைக் காக்கும் இப்புரதம் புற்றுக்கலத்தையும் காத்துவிடுகின்றது. அவ்வலகின் வாயிலிற் புள்ளி விழுந்து அது ஊமையாகிவிட்டால், கட்டிக்குக் காவலில்லை, மருந்து பலிக்கும். 2005இல் மொனிக்கா ஹெகியும் அவர் குழுவினரும் 206 நோயாளரின் கட்டிகளை ஆராய்ந்து இதனை வெளியிட்டனர். அவற்றுள் 100க்கு 45இற் புள்ளி இருந்தது. புள்ளியுள்ளோருட் கதிர்வீச்சு மட்டும் பெற்றோர் 15.3 மாதமும், மருந்துஞ் சேர்த்துப் பெற்றோர் 21.7 மாதமும் இடைநிலை ஆயுள் பெற்றனர். புள்ளியில்லாதோருக்கு மருந்தாற் கிடைத்தது மிகச் சொற்பம்: 11.8 மாதத்துக்குப் பதிலாக 12.7 மாதம். ஆகவே இன்று பல நாட்டு வைத்தியசாலைகளில் இக்கட்டியை வெட்டியெடுத்தவுடன் அதன் துண்டொன்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, புள்ளி உண்டா இல்லையா என்று கேட்டறிகின்றனர். மருந்தையுங் கதிர்வீச்சையும் ஒருங்கே தாங்கமுடியாத முதியவராயின், புள்ளி இருந்தால் மருந்து, இல்லையேற் கதிர்வீச்சு என்று அந்த விடையைக் கொண்டே தீர்மானிக்கின்றனர்.